உம்மை யாருவே கூப்பிட்டா?

கூவி என் வீட்டுக்கு மேலே வந்து நின்றபோது நான் கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் அரிசிப் பானையை ஏற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. கூரை ஓட்டுக்கு மேலே அதன் விசிறி இரைகிற சத்தம் கேட்டதும் பானையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

"மதிப்பிற்குரிய குடியிருப்பாளரே, தங்கள் பகுதியில் நீர்மட்டம் உயர்ந்து வருகிறது. உடனடியாக வெளியேறவும்" என்றது.

பஸ் ஸ்டாண்டில் வண்டி வருகிறது, போகிறது என்று சொல்லும் குரல் போல ஒன்று. யாருக்கும் சொந்தமில்லாத குரல். திரும்பவும் அதையே சொன்னது. பானையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். அதன் வயிற்றில் 'அழைப்பான்' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு அது அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

முந்தின வெள்ளத்தில் எங்கள் புன்னைக்குறிச்சியில் பலபேர் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று இருந்து செத்துப்போனார்கள். அதிகாரிகள் வந்து கத்தினார்கள், போலீஸ் வந்து கத்தியது. ஆடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது என்று உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பறக்கிற மிஷினைக் கொண்டுவந்தார்கள். ஊரான் சொன்னால் போகமாட்டோம், நம் ஆள் சொன்னால் போவோம். அதனால் இது நம் ஆளின் குரலில் கூப்பிடும். துபாயில் இருக்கிற மகன் வாசலில் வந்து நின்று "எம்மா, வெளிய வா" என்று கூப்பிடுவது போலவே இருக்கும். அதுவும் அந்த வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. நாங்கள் அதற்குக் கூவி என்று பேர் வைத்தோம்.

மேட்டுத்தெரு பள்ளிக்கூடத்தில் முகாம். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஈரத்துணியும் சாம்பார் கொதிக்கிற வாடையுமாக இருந்தது. உள்ளே நுழைந்தவுடனே பலவேசம் பிடித்துக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் வாழைத்தார் மண்டியில் லோடுமேன்கள். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"வாரும்வே கொம்பையா. உம்மை யாருவே கூப்பிட்டா?"

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"என்னைய எங்க மாமியா. 'மாப்ள, எங்க இருக்கிய'ன்னு ஒரே கூப்பாடு. அவளுக்குப் பயந்துதான் ஓடியாந்தேன், வெள்ளத்துக்கு இல்ல" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "நீரு சொல்லும்."

"தங்கச்சி" என்றேன்.

"உமக்கு ஏதுவே தங்கச்சி?"

"சித்தி மக. தூரத்துல இருக்கா."

எனக்குச் சித்தியே கிடையாது. பெண்சாதி கல்யாணமான புதிதிலேயே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. அதன்பிறகு மண்டியும் வீடுமாகவே காலம் போய்விட்டது. ஆனால் கவர்மெண்டு மிஷின்கூட எனக்காக ஒரு குரலைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதை அவனிடம் சொல்லிவிட்டு அவன் முகத்தில் முழிக்க முடியுமா?

கூவிகளைப் பார்த்துக்கொள்ள ஜரினா என்றொரு பெண் வந்திருந்தாள். சின்ன வயது. கையில் சிலேட்டு மாதிரி ஒரு திரை வைத்திருந்தாள். அவள் முன்னால் சைக்கிள் கடை இசக்கியப்பன் அண்ணாச்சி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவர் உடம்பில் நனையாத ஒரே பாகம் தலைமுடிதான். கழுத்துவரை தண்ணீரில் நின்றவரை இழுத்து வந்திருக்கிறார்கள்.

"ஒரே ஒரு தடவ, தாயி. இன்னும் ஒரே ஒரு தடவ போடு."

"இல்ல அண்ணாச்சி. அது அழிஞ்சிருச்சு."

"அழிஞ்சிருச்சுன்னா?"

ஜரினா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "உங்க வீட்டம்மா குரல்ல அது பல தடவ கூப்பிட்டிருக்கு. நீங்க வரல. ஒரு குரலுக்கு ஆள் எந்திரிச்சு வரலன்னா, அது பிரயோஜனமில்லாத குரலுன்னு எடுத்துக்கும். அழிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிரும். கடைசியா பொதுக்குரல்லதான் கூப்பிட்டிருக்கு."

"வராம இல்ல, தாயி" என்றார் அண்ணாச்சி. "கேட்டுக்கிட்டு இருந்தேன். அவ போயி நாலு தீபாவளி ஆச்சு. 'என்னங்க, கடைய அடச்சிட்டு வாங்க'ன்னா. நான் எந்திரிச்சிட்டா நிறுத்திருவாளேன்னு உக்காந்திருந்தேன்."

அவரை யாரோ கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எம்மா, எனக்குப் பொதுக்குரல்தான் வந்துச்சு. மிஷினு எதும் ரிப்பேரா?"

என் பேரைக் கேட்டுத் திரையில் தட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரிப்பேர் இல்ல அண்ணாச்சி. போன்ல யார் கூப்பிட்டா நீங்க உடனே எந்திரிச்சுப் போறீங்கன்னு அது வருஷக்கணக்கா பாத்து வச்சிருக்கும். அந்த ஆளு வழக்கமாச் சொல்ற வார்த்தையவே எடுத்துச் சொல்லும். உங்க போன்ல..." திரையை மேலே தள்ளினாள். "லோன் வேணுமான்னு கேக்குறவங்கதான் இருக்காங்க. மண்டி மேஸ்திரின்னு ஒருத்தர் இருக்காரு. அவரு மிஸ்டு கால் மட்டும்தான் குடுத்திருக்காரு."

"அவன் அப்படித்தான். பேசுனா காசு போயிரும்னு நெனப்பு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் கடற்கரையிலிருந்து மீன்பிடி வள்ளங்கள் வந்தன. மிக்கேல் என்பவருடைய வள்ளத்தில் ஆள் தூக்கிவிட ஒருவன் வேண்டும் என்றார்கள். நான் ஏறிக்கொண்டேன். பாயில் படுத்துக்கொண்டு ஒவ்வொருத்தரையும் யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது மேல். ஜரினாவும் திரையை பாலிதீன் பைக்குள் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தாள். கீழத்தெருவில் ஒரு வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது, கூவி கூப்பிட்டும் வரவில்லை என்றாள்.

கீழத்தெரு ஆறாகவே மாறியிருந்தது. அந்தச் சந்துக்குள் வள்ளத்தை விட்டால் சுழற்றி அடித்துவிடும் என்று மிக்கேல் ரைஸ்மில் மூலையில் தூணில் கயிற்றைப் போட்டு நிறுத்திவிட்டார். அங்கிருந்து அந்த வீட்டுப் பரணுக்குப் போக ரைஸ்மில் சுவர் ஒன்றுதான் வழி. ஒரு முழ அகலம். அதன் தலையில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது.

"ஆளு வெளிய வந்து சுவர் மேல நடந்தாத்தான் உண்டு" என்றார் மிக்கேல். "நாம போயித் தூக்க முடியாது. ரெண்டு பேரு பாரம் தாங்காது, சவத்துச் சுவரு ஊறிப்போய் நிக்கி."

"யாரு வீடு?" என்று கேட்டேன்.

"லிங்கக்கனின்னு இருக்கு" என்றாள் ஜரினா. "அவங்க மட்டும்தான். அவங்களுக்கு முதல் குரல் அவங்க வீட்டுக்காரர். செல்லையா."

செல்லையாவை எனக்குத் தெரியும். எங்கள் மண்டியில்தான் லோடுமேனாக இருந்தான். குடித்து ஈரல் கெட்டுச் செத்தான். அவன் பெண்சாதியைப் பார்த்த ஞாபகம் இல்லை.

கூவி அங்கே கூப்பிடுவது எங்களுக்கும் கேட்க, ஜரினா திரையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். மழைக்குள்ளே செல்லையா பேசினான்.

"ஏட்டி, எங்கட்டி போய்த் தொலஞ்ச? வெளிய வாட்டி மூதேவி!"

செத்தவன் குரல் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் அந்த வீடு கறுப்பாகவும், பரணில் ஒரு புள்ளி சிவப்பாகவும் தெரிந்தன. அதுதான் அவள் உடம்புச் சூடு என்றாள் ஜரினா. செல்லையா கூப்பிடக் கூப்பிட, அந்தப் புள்ளி ஜன்னல் பக்கம் வரவில்லை. பின்னால் நகர்ந்து மூலைக்குப் போய்ச் சுருங்கிக்கொண்டது.

"உள்ள போறாங்க" என்றாள் ஜரினா. "ஏன் உள்ள போறாங்க? அவரு கூப்பிட்டா ஒரு நொடிகூடத் தாமதிக்க மாட்டாங்கன்னு இருக்கே. இந்த ஊர்லயே வேகமா எந்திரிக்கிற ஆள் இவங்கதான்."

"எந்திரிக்காம? எந்திரிக்கலன்னா மிதி விழும்லா" என்றார் மிக்கேல்.

ஜரினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும்போது அவள் குரல் மாறியிருந்தது.

"யாரு கூப்பிட்டா எந்திரிக்காங்கன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தோம். எதுக்கு எந்திரிக்காங்கன்னு நாங்க சொல்லிக் குடுக்கல அண்ணாச்சி."

"அவன நிறுத்தும்மா முதல்ல" என்றேன்.

நிறுத்தினாள். நான் வாயைக் குவித்து "எம்மா, வெளிய வாங்க" என்று கத்திப் பார்த்தேன். தண்ணீர் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பரண் ஓட்டின் கீழ் வரிசையைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

"இன்னொரு குரல் இருக்கு" என்றாள். "போன்ல பேசுன குரல் இல்ல. பேர் இல்ல, நம்பர் இல்ல. அவங்க வேல பாக்குற இடத்துல தினமும் கேட்ட குரல். போன் இடுப்புல இருந்தாலும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். இந்தக் கூவிக்குக் கையெழுத்து வாங்கும்போது சொன்னாங்களே."

"எங்கிட்டப் பெருவிரலத்தான் வாங்குனாவ" என்றார் மிக்கேல்.

அவள் தட்டினாள்.

"கால் பாத்து... கால் பாத்து... நில்லு. வா... கால் பாத்து வா."

மண்டிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. லாரிக்குத் தார் ஏற்ற ஒரே ஒரு பலகைதான் சாத்தியிருக்கும். தோளில் தார் இருக்கும்போது எதிரே வருவது யார் என்று லோடுமேனுக்குத் தெரியாது. லிங்கக்கனி மாதிரி தலையில் வாழையிலைக் கட்டு சுமக்கிற பெண்ணுக்கும் தெரியாது. அதனால் பாரம் வைத்திருக்கிறவன் சொல்லிக்கொண்டே வரவேண்டும் என்பது எங்கள் மண்டி வழக்கம். நில் என்றால் எதிராளி நிற்கவேண்டும். வா என்றால்தான் கால் எடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் ஒருவர் இடுப்பு போய்விடும். எல்லா லோடுமேனும் சொல்வதுதான். ஆனால் இது என் குரல்.

எனக்கு அது என் குரல் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. அதில் இவ்வளவு பொறுமை இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

"இது நான்" என்றேன். ஜரினா என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிவப்புப் புள்ளி அசைந்தது. மூலையை விட்டு வந்தது. ஜன்னல் கதவு திறந்து, பச்சைச் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்ட ஒரு பெண் சுவர்மேல் இறங்கினாள். கூவி அவள் தலைக்கு மேலேயே வந்தது. நடுவில் ஓரிடத்தில் சுவர் உடைந்திருந்தது, தண்ணீருக்கடியில் அவளுக்குத் தெரியாது. "நில்லு" என்றது என் குரல். அவள் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. கூவி உடைப்புக்கு மேலே போய் விளக்கடித்துக் காட்டியது. "வா" என்றது. எட்டிக் கால் வைத்தாள். வள்ளத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கையை நீட்டியபோது, அவள் என் கையைப் பிடித்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கஞ்சி வரிசையில் லிங்கக்கனி என்னைத் தேடி வந்தாள். ஜரினா சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்கதானா அண்ணே அது?"

"நான் இல்லம்மா. மிஷினு. நான் வள்ளத்துல சும்மாதான் உக்காந்திருந்தேன்."

"மிஷினுன்னு தெரியும். அவன் செத்தத நான்தான முதல்ல பாத்தேன்? அவன் ஏட்டின்னு கூப்பிட்டப்பவே இது மிஷினுன்னு தெரியும்."

"பின்ன எதுக்கு உள்ள போனிய?"

அவள் கஞ்சியை ஊதினாள். "மனசுக்குத் தெரிஞ்சது உடம்புக்குத் தெரியலயே. அது தன்னால மூலைக்குப் போயிருச்சு."

"என் குரலும் மிஷினுதான?"

"உங்க குரலுக்கும் அப்படித்தான். காலு தன்னால வந்துருச்சு." பிறகு லேசாகச் சிரித்தாள். "ஒருநா தலையில பெரிய கட்டு. பலகையில பாதியில மயக்கம் மாதிரி வந்துச்சு. நீங்க தாரோட நின்னுக்கிட்டு, 'நில்லு, நில்லு, அவசரமில்ல'ன்னிய. பின்னாடி மேஸ்திரி ஏசிக்கிட்டு கிடக்கான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கிறது என்று தலையாட்டினேன்.

முகாமில் இருந்தவரை சாப்பாட்டு வேளைக்கு அவள்தான் வந்து கூப்பிடுவாள். "அண்ணே, சோறு ஆறுது. எந்திரிங்க." அவ்வளவுதான், வேறு பேச்சு கிடையாது. சில நேரம் நான் விழித்தே படுத்திருப்பேன். சாப்பாட்டு வாளி சத்தம் கேட்டுவிடும், பசியும் இருக்கும். ஆனாலும் அவள் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பேன். பலவேசம் ஒருநாள் கேட்டேவிட்டான்: "என்னவே, முறையா அழைப்பு வச்சாத்தான் வருவீரோ?"

தண்ணீர் வடிந்தது. லிங்கக்கனி வீட்டில் நின்றது ரைஸ்மில் பக்கத்துச் சுவர் மட்டும்தான். தாராவியிலிருந்து அவள் தம்பி வந்து கூட்டிப்போனான். பஸ்ஸில் ஏறும்போது மூட்டையை நான்தான் தூக்கி மேலே போட்டேன். போன் நம்பர் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று எனக்கும் சொல்லத் தெரியாது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரேன் அண்ணே" என்றாள். பஸ் கிளம்பியதும் ரோட்டில் நிறையச் சேறு கிடந்ததைப் பார்த்து, "கால் பாத்துப் போங்க" என்றாள்.

அதோடு சரி. மண்டி திறந்தார்கள். நான் தார் சுமந்தேன். பலகையில் ஏறும்போது எதிரே யாரும் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டே ஏறினேன். சாயங்காலம் வந்தால் சோறு பொங்கி, ஆறவைத்து, ஆறிய பிறகு சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி முடிகிற சமயத்தில் ஆறு மறுபடியும் ஏறியது. காலையிலிருந்தே தெருவில் தண்ணீர். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பானையை மேலே ஏற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நிலைப்படியைத் தண்ணீர் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொதுக்குரல் வந்தால் வரட்டும், அந்த மதிப்பிற்குரிய குடியிருப்பாளர் வேறு யாரோ என்று இருந்துவிடலாம் போல இருந்தது. தோளும் முதுகும் அந்த அளவுக்கு அலுத்துப்போயிருந்தன.

விசிறிச் சத்தம் ஓட்டுக்கு மேலே வந்து நின்றது.

"அண்ணே, சோறு ஆறுது. எந்திரிங்க."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். முகாமில் என் போன் சட்டைப் பையில்தான் கிடந்தது. அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் எழுந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெண் இப்போது எங்கோ ஒரு தகர வீட்டில், தம்பி பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். இங்கே அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.

இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு தடவை. உட்கார்ந்திருந்தால் திரும்பக் கூப்பிடும். தண்ணீர் கட்டில் காலில் ஏறிக்கொண்டிருந்தது. இசக்கியப்பன் அண்ணாச்சி கையைக் கூப்பிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எழாத ஆளுக்கு அந்தக் குரல் பிரயோஜனமில்லை என்று அது எடுத்துக்கொள்ளும். அழித்துவிட்டு வேறு குரலைத் தேடும். என்னிடம் வேறு குரல் கிடையாது.

சட்டென்று எழுந்தேன். செருப்பைக்கூடத் தேடவில்லை. அவ்வளவு வேகமாக நான் எதற்கும் எழுந்ததில்லை. வாசலுக்கு வந்து, மேலே பார்த்து, அதற்குக் கேட்கும்படியாக "வாரேன்மா, வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

தெருமுனையில் பலவேசம் தலையில் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"சீக்கிரம் கெளம்பிட்டீரே. உம்மை யாருவே கூப்பிட்டா?"

"தங்கச்சி" என்றேன்.

"சரி, வாரும்" என்று நடந்தான். கூவி என் ஓட்டுக்கு மேலிருந்து கிளம்பி அடுத்த தெருவுக்குப் போயிற்று. அதன் சத்தம் அடங்கும்வரை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த ஐப்பசியை நினைத்துக்கொண்டு, நான் கால் பார்த்து நடந்தேன்.